கொசு பழகிக்கொள்ளவில்லை: இயற்கைத் தேர்வு எப்படி நடக்கிறது

கோலாலம்பூரில் ஏதாவது ஓர் அடுக்குமாடியில் இரண்டு பேருக்கு டிங்கி வந்துவிட்டால், சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து புகை அடிப்பார்கள். சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு எல்லாரும் கீழே இறங்கி நிற்போம். கொஞ்ச நாளில் கொசு மறுபடி கடிக்க ஆரம்பிக்கும். உடனே யாராவது சொல்வார்கள்: "இந்தக் கொசுவுக்கெல்லாம் மருந்து பழகிப்போச்சு!"

கொசு திரும்பி வருவதற்கு முதல் காரணம் வேறு. புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரில் நெளியும் புழுக்களை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் மருந்துக்குச் சாகாத கொசுக்களும் பெருகியிருக்கின்றன என்பது உண்மை. அவை எப்படிப் பெருகின என்பதைப் புரிந்துகொண்டால், இயற்கைத் தேர்வில் பாதிக்கு மேல் புரிந்துவிடும். ஏனென்றால் எந்தக் கொசுவும் மருந்துக்குப் பழகவில்லை. பழகுவதற்கு அதற்கு நேரமும் கிடையாது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வளர்ந்தபின் சில வாரங்கள்தான் உயிரோடு இருக்கும்.

நடந்ததைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். புகை மருந்துகளில் பைரித்ராய்டு என்று ஒரு வகை உண்டு. கொசுவின் நரம்புகளில் சோடியம் உள்ளே போவதற்கு நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவை திறக்கும்போது செய்தி கடக்கும், பிறகு மூடிக்கொள்ளும். பைரித்ராய்டு அந்த வாயிலில் ஒட்டிக்கொண்டு அதை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது, கொசு விழுந்து சாகிறது. இந்த வாயில் ஒரு புரதம். சுமார் 2,000 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்தது. அதில் 1534ஆம் இடம் என்று ஆய்வாளர்கள் எண்ணிட்டிருக்கும் இடத்தில் வழக்கமாக ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். சில கொசுக்களில் அங்கே சிஸ்டீன் இருக்கிறது. இரண்டாயிரத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மருந்து சரியாக ஒட்டுவதில்லை. மலேசிய ஏடிஸ் கொசுக்களிலும் இந்த மாற்றத்தைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு தாமானில், அதாவது ஒரு குடியிருப்பில், ஆயிரம் கொசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஐந்துக்கு மட்டும் இந்த மாற்றம் இருக்கிறது. புகை அடித்தபின் மாற்றம் இல்லாதவற்றில் தொள்ளாயிரம் சாகின்றன. மிஞ்சியது தொண்ணூற்றைந்தும் இந்த ஐந்தும். முன்பு ஆயிரத்துக்கு ஐந்து. இப்போது நூற்றுக்கு ஐந்து. ஒரு பெண் கொசு ஒரு முறைக்கு நூறு முட்டை வரை இடும். ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். மறுபடி புகை, மறுபடி அதே கணக்கு. சில தலைமுறைகள் போனால் அந்த ஐந்தின் வாரிசுகளே தாமானை நிரப்பிவிடும். இந்தக் கதை முழுவதிலும் ஒரு கொசுகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறந்தபடியே வாழ்ந்து, பிறந்தபடியே செத்தன. மாறியது கூட்டம்.

இதுதான் இயற்கைத் தேர்வு. இதற்குத் தேவைப்பட்டவை மூன்றே. கூட்டத்தில் உள்ளவை ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபட வேண்டும். அந்த வேறுபாடு பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேறுபாட்டால் சிலவற்றுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் வாரிசு கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் ஓர் இடத்தில் கூடிவிட்டால் மாற்றம் நடந்தே தீரும். யாரும் திட்டமிட வேண்டியதில்லை, எந்த உயிரும் ஆசைப்பட வேண்டியதில்லை. பெரிய கணக்குப் புலமையோ கருவியோ இல்லாமலே யாரும் சிந்தித்துக் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் இது. ஆனாலும் மனித இனத்துக்கு இது எட்டியது 19ஆம் நூற்றாண்டில்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, அந்த ஐந்து கொசுக்களுக்கு மாற்றம் எங்கிருந்து வந்தது? மருந்து பட்டதால் வந்ததா? இல்லை. மரபணுவைப் படியெடுக்கும்போது அவ்வப்போது பிழை நேரும். அதைப் பிறழ்வு என்கிறார்கள். பெரும்பாலான பிறழ்வுகளால் எந்த விளைவும் இல்லை. சில கெடுதல் செய்யும். அபூர்வமாக ஒன்று, அந்த நேரத்தில் அந்த இடத்தில், உதவியாக அமைந்துவிடும். தேவைப்படுகிறது என்பதற்காகப் பிறழ்வு வருவதில்லை. இதை ஊகமாகச் சொல்லவில்லை; 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் ஓர் அழகான சோதனையில் காட்டினார்கள். ஒரு தட்டில் பாக்டீரியாக்களைப் புள்ளி புள்ளியாக வளரவிட்டார்கள். கிருமி நீக்கிய வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி, அதே அச்சை மருந்து கலந்த தட்டுகளில் பதித்தார்கள். மருந்துத் தட்டுகளில் சில இடங்களில் மட்டும் பாக்டீரியா பிழைத்தது, எல்லாத் தட்டிலும் அதே இடங்களில். பிறகு மருந்தே படாத முதல் தட்டில் அந்த இடங்களிலிருந்து பாக்டீரியாவை எடுத்துப் பார்த்தார்கள். அவையும் மருந்தைத் தாங்கின. ஆக, தாங்கும் திறன் மருந்துக்கு முன்பே அங்கே இருந்தது. மருந்து செய்தது வடிகட்டும் வேலை மட்டும்தான்.

இந்தச் சிந்தனை பிறந்த வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு, அது நம் பிள்ளைகளுக்கு அதிகம் தெரிவதில்லை. சார்லஸ் டார்வின் பெயரை எல்லாரும் கேட்டிருப்போம். அதே கருத்தைத் தனியாகக் கண்டடைந்த இன்னொருவர் ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ். அவர் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். பணக்காரர் இல்லை. வண்டும் வண்ணத்துப்பூச்சியும் பறவையும் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பி, அவை விற்ற காசில் பயணம் செய்தவர். அந்த ஆண்டே மலாக்காவுக்கு வந்து குனோங் லேடாங் ஏறினார்; பிறகு சரவாக் போனார். அங்கே அலி என்ற மலாய் இளைஞர் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து, சமைப்பதில் தொடங்கிப் பறவை சுட்டுப் பதப்படுத்துவது வரை கற்றுக்கொண்டு பல ஆண்டுகள் கூடவே பயணம் செய்தார். எட்டு ஆண்டுகளில் வாலஸ் சேகரித்தது ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்துக்கும் அதிகமான மாதிரிகள். ஒரே வகையில் இத்தனையைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஒருவருக்கு, எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

1858 பிப்ரவரியில், இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவருக்கு அந்த எண்ணம் உதித்தது: பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை, அப்படியானால் பிழைப்பவை எவை? எழுதி டார்வினுக்கே அனுப்பினார். டார்வின் அதே கருத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வெளியிடாமல் வைத்துக்கொண்டு சான்று சேர்த்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி லண்டனில் இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. இருவருமே அங்கே இல்லை. டார்வினின் கைக்குழந்தை சில நாள் முன்புதான் இறந்திருந்தது. வாலஸ் நியூ கினியில் இருந்தார். டார்வினின் நூல் மறு ஆண்டு நவம்பரில் வந்தது.

கொசு மருந்தைத் தாங்கினாலும் கொசுவாகவே இருக்கிறதே, ஒரு புதிய இனம் எப்படி வரும்? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஈப்போவுக்குப் போகலாம். அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றுகளின் குகைக் கோயில்களுக்கு நம்மில் பலர் போயிருப்போம். அந்தப் பாறையின் ஈர இடுக்குகளில் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நத்தைகள் வாழ்கின்றன. ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்பு வேண்டும். குன்றைச் சுற்றியுள்ள மண்ணில் அது போதாது. ஆகவே ஒவ்வொரு குன்றும் அவற்றுக்குக் கடல் நடுவே தீவு போலத்தான். ஒரு குன்றின் நத்தை இன்னொரு குன்றின் நத்தையோடு சேர வழியில்லை. இங்கே ஒரு பிறழ்வு பரவினால் அங்கே போகாது. இரு பக்கமும் தனித்தனியே தேர்வு நடக்கும். கூட்டம் சின்னதாக இருந்தால் வெறும் தற்செயலாலும் சில தன்மைகள் பரவும், சில மறையும். ஆயிரக்கணக்கான தலைமுறை இப்படிப் போனபின், இரண்டையும் ஒன்றாக விட்டாலும் சேர்ந்து இனம் பெருக்க முடியாத அளவுக்கு அவை விலகிவிடலாம். அப்போது இரண்டு இனங்கள். ஈப்போவின் குனோங் ராப்பாட் குன்றில் கண்டெடுத்து 2008இல் விவரித்த ஒரு நத்தையின் ஓடு, மற்ற நத்தைகளைப் போல ஒரே அச்சில் சுருளாமல் நான்கு அச்சில் திரும்பித் திரும்பிச் சுருள்கிறது. ஓடு தன்னைவிட்டே விலகிப் போய் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. படத்தைப் பார்த்தால் யாரோ குழாயைக் கையால் முறுக்கியது போல இருக்கும்.

ஒரே குன்றுக்கு மட்டும் உரிய இனம் என்றால், அந்தக் குன்று போனால் இனமும் போயிற்று. பகாங்கில் புக்கிட் பாஞ்சிங் குன்றைக் கல்லுடைத்தே தரைமட்டமாக்கினார்கள். அங்கே மட்டும் இருந்த ஒரு நத்தை இனம் இன்று அழிந்தவற்றின் பட்டியலில் இருக்கிறது. நத்தைதானே என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை. அது உருவாக எடுத்த காலத்தை எந்தச் சட்டத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இயற்கைத் தேர்வு என்றாலே ஒன்றை ஒன்று அடித்துத் தின்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டுரியான் மரம் அதற்கு நல்ல மறுப்பு. டுரியான் பூ மாலையில் விரியும். வெளிறிய நிறம், கனத்த மணம், நிறையத் தேன். விடிவதற்குள் இதழும் மகரந்தத் தாள்களும் உதிர்ந்து தரையில் கிடக்கும். பகலில் பறக்கும் தேனீக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. வேலை செய்வது வௌவால். குறிப்பாகக் குகைத் தேன் வௌவால். பத்துமலைக் குகைகளில் வாழும் வௌவால்களில் இதுவும் ஒன்று. இருட்டியதும் பல கிலோமீட்டர் பறந்துபோய், நீண்ட நாக்கால் தேனை நக்கி, நெஞ்சு மயிரில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். இரவில் கொஞ்சம் கூடுதல் தேன் சுரந்த மரத்துக்கு வௌவால் அதிகம் வந்தது. அதற்குக் காய் அதிகம் பிடித்தது. நாக்கு கொஞ்சம் நீண்டிருந்த வௌவாலுக்குத் தேன் கூடுதலாகக் கிடைத்தது. அது குட்டிகளை நன்றாக வளர்த்தது. இரண்டு பக்கமும் தன் தன் லாபம்தான். ஆனால் ஒன்றின் லாபம் மற்றதன் வழியாக வருகிறது. இந்த வௌவால் டுரியானை மட்டும் நம்பியும் இல்லை. பெத்தாய் மரத்தின் பந்து போன்ற பூ, வாழைப்பூ, சதுப்புநிலப் பூக்கள் என்று ஆண்டு முழுக்கச் சுற்றும். ஜூன் மாதம் சாலையோரம் டுரியான் வாங்கி உடைக்கிறோமே, அதில் ஒரு பங்கு பத்துமலைக்குச் சேர வேண்டியது.

பத்துமலை என்றதும் காலத்தைப் பற்றிப் பேசிவிடலாம். இயற்கைத் தேர்வைப் பலர் நம்பத் தயங்குவது, இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஆன காலத்தை மனத்தில் பிடிக்க முடியாததால்தான். தைப்பூசத்தன்று 272 படிகளையும் ஏறிக் குகை வாசலில் மூச்சு வாங்கும்போது நாம் கை ஊன்றும் அந்தப் பாறை, ஒரு காலத்தில் கடலின் அடித்தளம். கடல் உயிர்களின் ஓடுகளிலும் கூடுகளிலும் இருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து, 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு உருவானது. அப்போது தரையில் நான்கு கால் பிராணி ஒன்றுகூடக் கிடையாது. மரம் கிடையாது, விரல் உயரச் செடிகள் ஈரக் கரைகளில் முளைக்கத் தொடங்கியிருந்தன.

ஆனால் உயிரின் கணக்கில் அது தாமதமான காலம். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளிலேயே நுண்ணுயிர்களின் தடயம் கிடைத்திருக்கிறது. அதன்பின் மிக நீண்ட காலம் உலகம் ஒற்றைச் செல் உயிர்களுடையது. அவற்றில் சில ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும்போது கழிவாக வெளிவிட்ட ஆக்சிஜன், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் சேரத் தொடங்கியது. ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலில் விலங்கு வகைகள் விறுவிறுவென்று பெருகின. மீன்களில் ஒரு கிளை தரையேறியது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த பேரழிவில் கடல் இனங்களில் மிகப் பெரும்பாலானவை மறைந்தன. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் ஒன்று மோதியதை அடுத்து, பறவைகளாகிவிட்ட கிளை தவிர மற்ற டைனோசர்கள் அழிந்தன. அதுவரை சின்னதாக ஒதுங்கி இருந்த பாலூட்டிகளுக்கு இடம் கிடைத்தது. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டு.

இந்த வரலாற்றை ஒரு படிக்கட்டாக, மேல் படியில் மனிதனை நிறுத்திப் பார்க்கக் கூடாது. பத்துமலையின் இருட்டுக் குகையில் பொறிக்கதவு கட்டி வாழும் ஒரு சிலந்தி இருக்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே பத்து என்ற ஊர்ப்பெயர் உண்டு: லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். மற்றச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றின் வயிறு தட்டுகள் இல்லாமல் ஒரே பை போல இருக்கும். இதன் வயிற்றின்மேல் இன்னும் அடுக்கடுக்கான தட்டுகள் இருக்கின்றன. 30 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில் காணும் சிலந்திகளுக்கும் அப்படித்தான். அது பின்தங்கிவிட்ட சிலந்தி இல்லை. அதன் வாழ்க்கைக்கு அந்த உடல் போதுமானதாக இருந்ததால் வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை, அவ்வளவே. பிறழ்வும் தேர்வும் அதற்குள்ளும் ஓயாமல் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

படிகளில் இன்னொரு கேள்வியும் காத்திருக்கும். வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் நீள்வால் குரங்கைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள்: "நாம் குரங்கிலிருந்து வந்தோம் என்றால், இந்தக் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?" நாம் அந்தக் குரங்கிலிருந்து வரவில்லை. சித்தப்பா பிள்ளைகள் நமக்குப் பங்காளிகள். அவர்களிடமிருந்து நாம் பிறக்கவில்லை, இருவருக்கும் தாத்தா ஒருவர். அந்தக் குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதை சுமார் இரண்டரை முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. அது இன்றைய குரங்கும் இல்லை, மனிதனும் இல்லை. சிம்பன்சி இன்னும் கிட்டிய பங்காளி; அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகள்தான்.

இந்த உறவுக்கு எனக்கு மிகப் பிடித்த சான்று வைட்டமின் சி. நாய், ஆடு, எலி எல்லாம் அதைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். நமக்கு முடியாது, பழமோ கீரையோ சாப்பிட வேண்டும். அதைத் தயாரிக்கும் மரபணு நமக்கு இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. பத்துமலைக் குரங்கிடமும் அதே மரபணு உடைந்துதான் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் ஒராங் ஊத்தானிடமும் அப்படியே. பொது மூதாதையில் ஒருமுறை உடைந்தது. பழம் தின்று வாழ்ந்த அந்த உயிருக்கு அதனால் நட்டம் இல்லாததால் தேர்வு அதைக் களையவில்லை. பிள்ளைகளுக்கு அப்படியே வந்து சேர்ந்தது. ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே வடிவமைத்திருந்தால், வேலை செய்யாத ஒரு துண்டை இத்தனை பேரிடமும் வைத்திருக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

மனிதரிடமும் தேர்வு நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது, இந்த நாட்டிலேயே. மலாய்க்காரர்களிலும் ஒராங் அஸ்லி மக்களிலும் சிலருக்குச் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். சிவப்பணுவின் உறையிலுள்ள ஒரு புரதத்தின் மரபணுக் குறியீட்டில் 27 எழுத்துகள் விடுபட்டதால் வருவது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இது வந்தால் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை. மூளையைத் தாக்கும் கடும் மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பும் உண்டு. இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தை பெரும்பாலும் பிறக்கும் முன்பே இறந்துவிடும். இவ்வளவு கொடிய விலை இருந்தும் இந்த மாற்றம் மறையாமல் நின்றது, மலேரியா அதைவிட அதிகம் பேரைக் கொன்றதால்தான். நீலகிரிப் பழங்குடிகளிடம் காணும், சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் மரபணுவும் இதே கணக்கில் வருவது.

ஒரு மரபணுவைத் தனியே எடுத்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மனிதருக்கு மட்டுமே உரிய மலேரியா வகைகள் உள்நாட்டில் தொற்றுவது 2018 முதல் மலேசியாவில் இல்லை. குரங்குகளிடமிருந்து வரும் வகை மட்டும் காட்டோரங்களில் நீடிக்கிறது. அந்தப் பழைய மலேரியா போன இடங்களில் இம்மரபணுவின் பாதுகாப்புக்கு வேலை இல்லை. இரு பக்கமும் சேர்ந்து வரும்போது கொடுக்க வேண்டிய விலை மட்டும் அப்படியே இருக்கிறது. நிலைமை இப்படியே நீடித்தால், வரும் தலைமுறைகளில் அதைத் தாங்கிப் பிறப்பவர்களின் பங்கு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும்.